தேகப் பரிசோதனை: வைத்தியர் பார்ப்பதும் நாம் சொல்ல வேண்டியதும்

நெசவாளி நெய்து முடித்துச் சங்கத்திற்குக் கொண்டுவரும் சேலையை நாம் அப்படியே வாங்கி அடுக்கிவிடுவதில்லை. நீளமும் அகலமும் அளக்கிறோம், எடை போடுகிறோம், வெளிச்சத்திற்கு எதிரே விரித்துப் பிடித்து, இழை அறுந்த இடம் உண்டா, கரை நேராக ஓடியிருக்கிறதா என்று பார்க்கிறோம். ஓசூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டக்காரர் விடிந்ததும் இலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பாராமல் அன்றைய வேலையைத் தொடங்குவதில்லை. கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரரும் பூவிலும் பிஞ்சிலும் நோய் கண்டிருக்கிறதா என்று மரம் மரமாகப் பார்த்து வருகிறார். சரக்கின் மீதும் பயிரின் மீதும் இத்தனை கண்ணாக இருக்கும் நம்மவர்களில் பலர், அச்சரக்கையும் பயிரையும் உண்டாக்குகிற தங்கள் தேகத்தை வைத்தியரிடம் முறையாகக் காட்டி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்டால், விடை சொல்லத் தயங்குவர்.

வைத்தியரிடம் நாம் போகாமல் இல்லை. காய்ச்சல் கண்டால் போகிறோம், ஊசி போட்டுக்கொள்கிறோம், மாத்திரை வாங்கி வருகிறோம். ஆனால் வைத்தியர் நம் உடலைத் தலை முதல் கால் வரை பார்ப்பது எதற்காக, எந்த ஒழுங்கில் பார்க்கிறார், அதற்கு நாம் எவ்விதம் துணை நிற்க வேண்டும் என்பவற்றை அறிந்தவர் சிலரே. அதை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாமனப்பள்ளியில் தொடங்கிய முயற்சி

இவ்விஷயத்தில் நம் மாவட்டத்திற்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினால் தொடங்கிவைக்கப்பட்டது. நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடிப் போவதே வழக்கம். அதை மாற்றி, பயிற்சி பெற்ற பெண் தன்னார்வலர் வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, ஏற்கெனவே நோய் கண்டவர்களுக்கு மருந்தையும் கொடுத்துச் செல்வது இத்திட்டத்தின் முறை. நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் நோய் தணிப்புச் சிகிச்சையும் இதில் அடங்கும். 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது ஒன்றும் இத்திட்டத்திற்குக் கிடைத்தது.

வீட்டுக்கு வரும் தன்னார்வலர் செய்வது முதற்படி மட்டுமே என்பதை மறக்கலாகாது. அவர் ஒரு எண்ணைக் காண்கிறார். அந்த எண் ஏன் உயர்ந்தது, அதனால் இருதயமும் சிறுநீரகமும் கண்ணும் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்பதை அறிய ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியரின் முழுப் பரிசோதனை வேண்டும். முதற்படியோடு நின்றுவிடுகிறவர் பாவு பூட்டிவிட்டு ஊடை போடாமல் விட்டவருக்கு ஒப்பாவார்.

முதலில் பேச்சு

பரிசோதனை என்பது கருவியைக் காதில் மாட்டியவுடன் தொடங்குவதன்று. நோயாளி வாய் திறந்தவுடன் தொடங்குவது. எது வருத்துகிறது, எப்பொழுது தொடங்கிற்று, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, முன்பு என்ன நோய் கண்டது, இப்பொழுது என்ன மருந்து உட்கொள்கிறார், தாய் தந்தையர்க்கு என்ன நோய் இருந்தது, புகையிலை, மது உண்டா, உறக்கம் எப்படி, தொழில் என்ன என்று வைத்தியர் கேட்கிறார். அனுபவமுள்ள வைத்தியர்கள் பாதி நோயைப் பேச்சிலேயே அறிந்துவிடுவர்.

நம் எல்லைப்புறத்தில் இப்பேச்சிலேயே ஓர் இடர் உண்டு. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசப்படுகின்றன. சிப்காட் தொழிற்பேட்டைகள் வந்தபின் வடநாட்டுத் தொழிலாளரும் குடியேறியுள்ளனர். நோயாளி ஒரு மொழியில் வருந்த, வைத்தியர் வேறொரு மொழியில் எழுதிக்கொள்ளும் நிலை இங்கே அரிதன்று. அத்தகைய சமயத்தில் பள்ளி செல்லும் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போவது வழக்கமாக இருக்கிறது. தாய் தன் உதிரப்போக்கைப் பற்றி மகனிடம் எப்படிச் சொல்வாள்? தந்தை தன் குடிப்பழக்கத்தை மகள் வாயால் எப்படிச் சொல்விப்பார்? சொல்லாமல் விட்டதே பின்னால் பெரும் பிணியாக வளர்கிறது. வயது வந்த, நம்பிக்கைக்குரிய ஒருவரையே துணைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நோயாளியும் ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது’ என்று மரியாதைக்காகக் கூறுதல் கூடாது. நாட்டு மருந்து உட்கொண்டிருந்தால் அதையும் ஒளியாமல் சொல்ல வேண்டும்.

பார்த்தல், தொடுதல், தட்டுதல், கேட்டல்

நம் சித்த வைத்தியர்கள் நோயை அறிய எட்டு வகைத் தேர்வுகளை வகுத்திருந்தனர். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன அவை. நவீன வைத்தியம் பார்த்தல், தொட்டறிதல், தட்டியறிதல், கேட்டறிதல் என நான்கு வழிகளைக் கைக்கொள்கிறது.

இவற்றுள் தட்டியறியும் முறையை 1761இல் நூலாக வெளியிட்டவர் ஆஸ்திரிய தேசத்து வைத்தியர் ஆவன்புரூக்கர். இவர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயில் மது எவ்வளவு இருக்கிறதென்று தட்டிப் பார்க்கும் வழக்கத்திலிருந்தே இவருக்கு இவ்வெண்ணம் உதித்ததென்பர். காற்று நிறைந்த நுரையீரலைத் தட்டினால் ஓசை பறையைப் போல எழும். நீர் கோத்த இடத்தில் மொத்தென்று அடங்கும். ஸ்டெதாஸ்கோப்பைப் பிரான்சு தேசத்து வைத்தியர் லென்னெக் 1816இல் கண்டார். ஒரு பெண் நோயாளியின் மார்பில் காதை வைத்துக் கேட்பது தகாதென எண்ணி, அவர் காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கி வைத்துக் கேட்டார்; ஓசை முன்னிலும் தெளிவாகக் கேட்டது. இன்று ஒவ்வொரு வைத்தியரின் கழுத்திலும் தொங்கும் கருவி நோயாளியின் மானத்தைக் காக்க எண்ணியதில் பிறந்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

தலை முதல் கால் வரை

நோயாளி உள்ளே நடந்து வரும்போதே வைத்தியர் அவரது நடையையும் முகத்தையும் மூச்சையும் கவனித்துவிடுகிறார். பின்னர் உயரமும் எடையும் இடுப்புச் சுற்றளவும் பார்க்கப்படுகின்றன. நம் நாட்டு ஆடவர்க்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்கும், பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்போனால் எச்சரிக்கை கொள்ளல் வேண்டும்.

கட்டைவிரற் பக்கத்து மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்க்கிறார். அமர்ந்திருக்கும் வயது வந்தவர்க்கு நிமிஷத்திற்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. எண்ணிக்கையோடு துடிப்பின் ஒழுங்கும் முக்கியம். ஒழுங்கு தவறினால் முழு நிமிஷமும் எண்ணுவார். மூச்சு நிமிஷத்திற்கு 12 முதல் 20 வரை. தன் மூச்சை எண்ணுகிறார்கள் என்று அறிந்தவுடன் யாருக்கும் மூச்சின் நடை மாறிவிடும். ஆதலால் நாடி பார்ப்பது போலவே கையைப் பிடித்துக்கொண்டு வைத்தியர் மூச்சை எண்ணிவிடுவதுண்டு.

அடுத்துக் கீழிமையை இழுத்து உட்புறத்தைப் பார்க்கிறார். அது வெளிறியிருந்தால் இரத்தசோகை என ஐயுறுகிறார். வெண்விழியில் மஞ்சள் படர்ந்திருந்தால் காமாலை. இதைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விளக்கொளியில் இலேசான மஞ்சள் கண்ணுக்குத் தப்பிவிடும். உதடும் நாக்கும் நீலம் பாய்ந்திருந்தால் இரத்தத்தில் பிராணவாயு குறைந்தது என்பது பொருள். நக நுனி கிளிமூக்குப் போல வளைந்து, விரல்முனை பருத்திருந்தால் நுரையீரலிலோ இருதயத்திலோ நாட்பட்ட நோய் இருக்கலாம். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். வாயைத் திறக்கச் சொல்லிக் கன்னத்தின் உட்புறத்தைப் பார்க்கிறார். புகையிலையும் பாக்கும் மெல்லுகிறவர்கள் இங்கே வெள்ளைத் திட்டோ ஆறாப் புண்ணோ கண்டால் அலட்சியம் செய்யலாகாது.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் பெருவிரலால் சற்று நேரம் அழுத்துகிறார். குழி விழுந்து நிற்குமானால் நீர் கோத்திருக்கிறது. இருதயம், சிறுநீரகம், ஈரல் ஆகிய மூன்றில் ஒன்று பழுதுற்றதன் அறிகுறியாக அது இருக்கலாம். நாள் முழுதும் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உழைப்பவர்க்கு மாலையில் சிறிது வீங்கிக் காலையில் வடிவதும் உண்டு. ஆகவே வீக்கம் எந்த நேரத்தில் தோன்றி எந்த நேரத்தில் மறைகிறது என்பதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

அதன்பின் மார்பைப் பார்த்தும், தொட்டும், தட்டியும், கேட்டும் சோதிக்கிறார். வயிற்றைச் சோதிக்கையில் மட்டும் வரிசை மாறும். தொட்டால் குடலின் அசைவு மாறிவிடுமாதலால் முதலிற் கேட்டு, பின்னரே கை வைக்கிறார். வலிக்கும் இடத்தைக் கடைசியாகத் தொடுகிறார். முழங்காலை மடக்கிப் படுத்து வயிற்றைத் தளரவிட்டால் சோதனை எளிதாகும். சர்க்கரை நோயுள்ளவர்களின் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்த்தே ஆக வேண்டும். உணர்ச்சி மங்கிய காலில் முள் தைத்தாலும் மிதிகட்டை உராய்ந்தாலும் வலி தெரியாது. புண் புரையோடிய பிறகே தெரியவரும். வெறுங்காலுடன் வயலிலும் தறியிலும் உழைக்கும் நம்மவர்க்கு இது மிக முக்கியமானது.

இரத்த அழுத்தம் அளக்கும் ஒழுங்கு

இத்தாலிய வைத்தியர் ரிவா ரோச்சி 1896இல் கைப்பட்டை முறையைக் கண்டார். ரஷ்ய வைத்தியர் கொரோட்காவ் 1905இல் அதனுடன் ஸ்டெதாஸ்கோப்பைச் சேர்த்து மேலழுத்தம், கீழழுத்தம் இரண்டையும் அளக்கும் வழியைக் கூறினார். இத்தனை காலம் ஆகியும் அளப்பதில் நேரும் பிழைகள் குறையவில்லை. சரியான முறையை நாமும் அறிந்திருத்தல் நலம்.

அளப்பதற்கு அரைமணி முன்பிருந்து காப்பி, பீடி, புகையிலை கூடா. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையிற் பதிய ஐந்து நிமிஷம் பேசாமல் அமர வேண்டும். கால் மேல் கால் போடலாகாது. கை இருதயத்தின் மட்டத்தில் மேசைமீது இருக்க வேண்டும். பட்டையைச் சட்டையின் மேல் சுற்றாமல் வெறுங்கையில் சுற்ற வேண்டும். ஒரு முறைக்கு இரு முறை அளக்க வேண்டும். 120க்கும் 80க்கும் கீழே இருப்பது நலம். 140க்கு மேலோ 90க்கு மேலோ வேறு வேறு நாட்களிலும் காணுமானால் அது நோய். மூச்சு வாங்க ஓடிவந்து உட்கார்ந்தவுடன் எடுத்த ஓர் எண்ணைக் கொண்டு அஞ்சவும் வேண்டாம்; ஒரு முறை சரியாக இருந்ததைக் கொண்டு மகிழ்ந்து மறந்துவிடவும் வேண்டாம்.

இந்நோயின் கொடுமை அது வலிக்காமல் இருப்பதே. தலைவலியோ மயக்கமோ இல்லாமலே பல ஆண்டுகள் உள்ளிருந்து, ஒருநாள் பக்கவாதமாக வெளிப்படும். ஒரு கை ஒரு கால் விழுந்துபோன நெசவாளியின் வீட்டில் தறி நிற்கிறது. அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரின் கையும் நிற்கிறது. மாத்திரைக்கு ஆகும் செலவும் அரசு நிலையங்களில் நமக்கு இல்லை. இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய துன்பத்தைத் தடுக்காமல் விடுவது எவ்வளவு வருந்தத்தக்கது!

தொழில் தேகத்தில் இடும் குறிகள்

வைத்தியர் கேளாவிட்டாலும் நம் தொழிலை நாமே சொல்லிவிட வேண்டும். பஞ்சுத் தூசியில் வேலை செய்பவர்க்கு, விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகினால் அது தூசியால் வந்த நோயாக இருக்கலாம். சாயத் தொட்டியில் கை வைப்பவர்க்குத் தோலும் நகமும் கெடும். பட்டுக்கூட்டைச் சுடுநீரில் இட்டு நூல் எடுப்பவர்க்கு விரல்கள் ஊறிப் புண்ணாகும். சிலருக்கு இழுப்பும் வரும். கண்ணுக்கு அருகில் இழையை வைத்துப் பார்த்தே பழகியவர்க்குப் பார்வைக் குறைவு தெரியாமலே வளரும்.

பூந்தோட்டத்திலும் தக்காளித் தோட்டத்திலும் மருந்து தெளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல், வாய்நீர் ஒழுகுதல், மிகுந்த வியர்வை, வாந்தி, தசைத் துடிப்பு ஆகியவை ஒருங்கே கண்டால் பூச்சிமருந்தின் நஞ்சு உடலில் ஏறியதாகக் கொள்ள வேண்டும். உடனே உடையைக் களைந்து சோப்பிட்டுக் கழுவி, 108 ஊர்தியை அழைத்து, மருந்துப் புட்டியையும் அதன் சீட்டோடு கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். எந்த நஞ்சு என்று அறிந்தால் மாற்று மருந்தும் விரைவில் கிடைக்கும். மூடிய பசுமைக் குடிலுக்குள் தெளிக்கிறவர்க்கு இவ்வபாயம் அதிகம்.

நம் மாவட்டத்திற்கும் தருமபுரிக்கும் பொதுவான இன்னொரு குறி பற்களில் காணப்படுவது. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட இடங்களில் வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடுகள் படிகின்றன. நெடுநாள் அருந்தியவர்க்கு எலும்பும் மூட்டும் இறுகுகின்றன. முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா, மோவாயை மார்பில் பதிக்க முடிகிறதா, இரு கைகளையும் நீட்டி மடக்கிப் பிடரியைத் தொட முடிகிறதா என்ற மூன்று சோதனைகளை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முடியாதவர்கள் அதை வயதின் மேலும் தறியின் மேலும் ஏற்றிவிடாமல் வைத்தியரிடம் கூற வேண்டும். இக்கேட்டை நீக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆற்று நீர் குழாயில் வரும் ஊரில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அதையே கொள்ளுதல் அறிவுடைமை.

பெண் அங்கத்தினர்களுக்கு

குடும்பத்தில் எல்லோருக்கும் பிறகே உண்ணுகிற பெண், எல்லோருக்கும் பிறகே வைத்தியரிடமும் போகிறாள். பெண்களுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும், கருவுற்றவர்க்கு 11 கிராமுக்கும் குறைந்தால் இரத்தசோகை. களைப்பு என்று சொல்லித் தள்ளிவிடும் பலருக்கு இதுவே காரணம். முப்பது வயது கடந்தவர்கள் மார்பகத்தையும் கருப்பை வாயையும் அரசு நிலையங்களில் சோதித்துக்கொள்ளலாம். கருப்பை வாய்ப் புற்று, புற்றாக மாறுமுன்னரே கண்டுபிடித்து நீக்கக்கூடியது. வெட்கத்தால் விடப்படும் இச்சோதனையால் உயிர் பிழைத்தவர் பலர். சோதிக்கும்போது திரை மறைவும், உடன் ஒரு பெண் துணையும் வேண்டுமென்று கேட்பது நோயாளியின் உரிமை. எதற்காகத் தொடுகிறார் என்பதைக் கேட்டறிவதும், விருப்பமில்லையேல் வேண்டாமென்பதும் அவ்வாறே.

எல்லாச் சோதனையும் வேண்டுமா?

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகள் ஆயிரக்கணக்கில் கட்டணம் வைத்து ‘முழு உடல் பரிசோதனை’ என்று விளம்பரம் செய்கின்றன. கடன் வாங்கியேனும் அதைச் செய்துகொள்ள வேண்டுமோ என்று நம் அங்கத்தினர் சிலர் எண்ணக்கூடும். இதைப்பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைக் காக்ரேன் என்னும் சர்வதேச வைத்திய ஆய்வு அமைப்பினர் தொகுத்து 2019இல் வெளியிட்டனர். சுமார் இரண்டரை லட்சம் பேரைப் பற்றிய அவ்வாய்வுகளில், நோய்க்குறி ஏதுமில்லாதவர்களை எல்லாவற்றுக்குமாகச் சோதித்ததனால் மரணம் குறைந்ததாகக் காணப்படவில்லை. அவை வைத்திய வசதி மிகுந்த செல்வ நாடுகளில் நடந்தவை என்பதையும் கருத வேண்டும். ஆயினும் பாடம் தெளிவானது. நீண்ட பட்டியலில் நன்மை இல்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், மார்பகம், கருப்பை வாய், இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமலுக்குச் சளிச் சோதனை எனக் குறிப்பிட்ட சிலவற்றில்தான் நன்மை இருக்கிறது. அவையும் அரசு நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஏதேனும் குறி கண்டவர்க்கோ, அவர் உடலைக் கைவைத்துப் பார்க்கும் வைத்தியரின் பரிசோதனைக்கு ஈடாக வேறொன்றுமில்லை.

சங்கம் செய்யக்கூடியது

ஆலைத் தொழிலாளிக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இ.எஸ்.ஐ. என்னும் ஆதரவு வந்தது. வீட்டிலேயே தறி வைத்திருப்பவருக்கும் சொந்த நிலத்தில் உழைப்பவருக்கும் அத்தகைய முதலாளியும் இல்லை, ஆதரவும் இல்லை. அவருக்கு அரைநாள் வைத்தியரிடம் போவது அரைநாள் கூலியை இழப்பது. ‘நோய் இல்லாதபோது எதற்குப் போக வேண்டும்’ என்ற பேச்சின் உள்ளே இருப்பது பெரும்பாலும் அந்த அரைநாட் கூலியே. அதைக் கண்டும் காணாதது போல் அறிவுரை மட்டும் கூறுவது நமக்கு அழகன்று.

ஆகவே நாம் கூறும் யோசனைகள் இவை. ஆண்டுக்கு இருமுறை, வேலை மந்தமான நாளொன்றைத் தேர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தாரையும் திட்டத் தன்னார்வலர்களையும் சங்கக் கட்டிடத்திற்கு அழைக்கலாம். சன்னல் வெளிச்சமுள்ள ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு திரை, சாய்ந்து உட்கார நாற்காலி, எடை பார்க்கும் கருவி ஆகியவை போதும். அன்றைய அரைநாட் கூலியை ஈடுசெய்ய, விதிகள் இடந்தரும் அளவிற்குப் பொது நல நிதியிலிருந்து உதவலாமா என்பதை நிர்வாகக் குழுக்கள் ஆலோசிக்கலாம். தெலுங்கும் கன்னடமும் அறிந்த அங்கத்தினர் இருவர் துணை நிற்கலாம்.

ஒன்றை மட்டும் உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும். சோதனையின் முடிவு அங்கத்தினருக்கே சொந்தம். அவரவர் கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். சங்கத்தின் பேரேட்டில் அது ஏறலாகாது. இன்னாருக்குச் சர்க்கரை, இன்னாருக்குக் காசம் என்ற செய்தி, கடன் மனுவைப் பார்க்கும் மேசைக்கோ பாவு பங்கிடும் இடத்திற்கோ சென்றுவிட்டால், மறுமுறை ஒருவரும் உண்மை சொல்லமாட்டார், வைத்தியரிடமும் வரமாட்டார். நம்பிக்கையின் மேல் எழுந்தது கூட்டுறவு. அந்நம்பிக்கையே இங்கும் மூலதனம்.

இதைப் படிக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இம்மாதத்திற்குள் தம் இரத்த அழுத்தத்தையாவது ஒருமுறை அளந்து, தேதியோடு எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வீட்டுக்கு வரும் தன்னார்வலர் வைத்தியரிடம் போகச் சொன்னால், தறி இருக்கட்டும், தோட்டம் இருக்கட்டும், அன்றைக்கே போய் வாருங்கள்.